கமிட்டிக்காரர்களின் மார்பளவு

கொடியேறிய மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் செல்லையன் வழக்கம்போல் எழுந்து, வாய் கொப்பளித்து, கடுங்காப்பி குடித்து, குளத்துக்குப் போவதற்காகத் துவர்த்துத் துண்டை எடுத்துத் தோளில் போட்டபோது அது நேராகத் தொங்காமல் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது, ஏனென்றால் அவருக்கு மார்பு வளர்ந்திருந்தது. ஆண்களுக்கு வயசான காலத்தில் தொங்குகிற சதையைச் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு இருக்கிற மாதிரி, இடது கொஞ்சம் பெரிசு வலது கொஞ்சம் சிறிசு என்று எங்கள் எல்லாருக்கும் இருக்கிற அந்த வித்தியாசம்கூட விடாமல், ஒழுங்காக வளர்ந்திருந்தது.

அடுக்களைக்கு வந்து, "ஏட்டி நாகம்மை, இதைக் கொஞ்சம் பாரு" என்றார்.

பார்த்தேன். எங்களுடையது தையல் வீடு. இருபத்தாறு வருஷமாக நெட்டாங்காவிளைப் பெண்களுக்கு அவர் ஜாக்கெட் வெட்டித் தைக்கிறார், நான் கொக்கி வைத்து ஓரம் அடிக்கிறேன், அதனால் டேப் பிடிக்காமலே எனக்கு அளவு சொல்ல வரும். "முப்பத்தாறு" என்றேன். அந்த எண்ணைச் சொன்னதும் இரண்டு பேருக்கும் ஒரே ஆள் ஞாபகத்துக்கு வந்தாள், இரண்டு பேரும் அவள் பேரைச் சொல்லவில்லை. கல்லில் தோசை கருகுகிற வாசனை வந்ததால் நான் திரும்பிக்கொண்டேன்.

ஏழு மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, என் வீட்டுக்காரரையும் சேர்த்துப் பகவதி கோயில் கமிட்டியில் இருக்கிற ஏழு பேருக்கும் வளர்ந்திருக்கிறது, ஏழு பேருக்கு மட்டும்தான் வளர்ந்திருக்கிறது என்று. ஊர்த்தலைவரை எங்கள் பக்கத்தில் முதலடி என்போம். எங்கள் முதலடி பகவதிப்பெருமாள், அறுபத்திரண்டு வயசு, கோயில் வாசலில் நின்று இருமினால் நாய்கூட எழுந்து ஓரமாகப் போகும், அவர் தன் பெரிய வீட்டு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் மருமகள் வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருப்பதற்குப் படாத பாடு பட்டாள்.

ஏன் வளர்ந்தது என்று எங்கள் ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. முந்தின வெள்ளிக்கிழமை நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

சிவதாணுவின் பெண்சாதி தங்கலீலாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயசு. சிவதாணு மஸ்கட்டில் வேலை. பிள்ளைப்பேறுக்கு லீவில் வந்தவன், ஆதிரா பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் விமானம் ஏறினான், அதோடு பதினாலு மாசம் ஆகியிருந்தது. இங்கே லீலாவும் பிள்ளையும் மாமியார் பாக்கியத்தம்மாளும் மட்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் உடம்பைக் காட்டி அளவு கொடுக்க மாட்டார்கள். பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவார்கள், அதை வைத்து வெட்டுவோம். லீலாவும் திருவிழாச் சேலைக்கு அப்படித்தான் கொடுத்தனுப்பினாள், தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட்டை. அதோடு ஒரு துண்டுக் காகிதத்தில், இரண்டு இஞ்சு கூட்டித் தைக்கவும் என்று எழுதியிருந்தாள்.

என் வீட்டுக்காரருக்குத் தையலில் ஒரு நம்பிக்கை உண்டு, மனுஷர் பொய் சொல்வார்கள், அளவு ஜாக்கெட் பொய் சொல்லாது என்று. ஐப்பசியில் முப்பத்து நாலு, பங்குனியில் முப்பத்தாறு, புருஷனோ ஊரில் இல்லை. அவர் விரலை மடக்கி மாசக்கணக்குப் போட்டார். போட்டது மனசுக்குள் இருந்திருந்தால் ஒரு பாவமும் இல்லை, சாயாக்கடையில் வைத்துப் போட்டார். மூன்றாவது நாள் கமிட்டி கூடியது.

கோயில் முன்மண்டபத்தில் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கோயிலுக்குள் ஆண்கள் சட்டை போடக்கூடாது, அது பழைய முறை, வாசலில் போர்டே உண்டு, ஆகவே ஏழு பேரும் வேட்டியும் வெறும் மேலுமாக, நெஞ்சு மயிரைத் தடவிக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு இருந்தார்கள். லீலா ஆதிராவை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். கல் தரையில் அவள் ஜாக்கெட்டை விரித்துப் போட்டிருந்தார்கள்.

"ஆரு?" என்று கேட்டார் முதலடி.

"என்னது மாமா ஆரு?"

"பேரைச் சொல்லும்மா. சொன்னா லேசா முடிச்சிரலாம்."

லீலா அழவில்லை. வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். ஆதிராவுக்குப் பால் மறக்கடித்த புதுசில் எனக்கு வற்றிச் சுருங்கிப் போயிருந்தது மாமா, அந்த நேரத்தில் டைபாய்டும் வந்து உடம்பு எலும்பாகிப் போச்சு, தீபாவளிக்குத் தைத்தது அந்த உடம்புக்கு. இப்போ தேறி நாலு கிலோ கூடியிருக்கேன். தூரம் சரியா வரல்லேன்னு டாக்டரம்மா மாத்திரை தந்திருக்காங்க, அது சாப்பிட்டா கொஞ்சம் வீங்கும்னு அவங்களே சொன்னாங்க. பிறகு நாளைக்கழிச்சு எனக்குத் தூரமாகணும், அதுக்கு முந்தி ஒரு வாரம் எல்லா மாசமும் கனக்கும், தொட்டா வலிக்கும், அது வந்து போனா குறையும். வேணும்னா ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஒரு சோதனை எடுத்தா தெரிஞ்சிரும்.

அரசாங்க ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆட்டோவில் பத்து நிமிஷம். முதலடி சொன்னார், "ஊர்க்காரியத்தை ஊருக்குள்ள முடிப்போம்." பிறகு பெண்கள் நின்ற பக்கம் திரும்பி, "செல்லையன் பெண்டாட்டி, நீ வா. டேப்பைப் பிடி" என்றார்.

நான் போனேன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. பாக்கியத்தம்மாள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள், லீலா இரண்டு கையையும் தூக்கினாள், நான் சேலைக்கு மேலே டேப்பைச் சுற்றினேன். அவள் சொன்ன ஒவ்வொரு காரணமும் என் சொந்த உடம்பிலேயே நடந்தது, மாசாமாசம் நடக்கிறது, அங்கே நின்ற நாற்பது பெண்களுக்கும் நடக்கிறது, ஒருத்தியாவது வாயைத் திறந்தோமா? நான் திறந்தேன். திறந்து, "முப்பத்தாறு" என்று சத்தமாக வாசித்தேன்.

மஸ்கட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். சிவதாணு எல்லாவற்றையும் கேட்டான். லீலா, "அத்தான், நான் சொல்லதைக் கேளுங்க" என்று ஆரம்பித்தாள். அவன், "பிள்ளைய அம்மகிட்ட விட்டுட்டு அவளப் போகச் சொல்லுங்க மாமா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

லீலா ஏழு பேரையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தாள். "உங்களுக்கு இருந்தாத்தான் தெரியும்" என்றாள். மண்ணை வாரித் தூற்றவில்லை, தலையை விரித்துப் போடவில்லை, பகவதி பேரைக்கூட எடுக்கவில்லை. பிள்ளை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. பாக்கியத்தம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், லீலா மத்தியானப் பஸ்ஸில் மலையடிவாரத்தில் இருக்கிற தன் அம்மை வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தூரமாயிற்று என்று செய்தி வந்தபோது நம் ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கலைச்சிட்டா" என்றார்கள். அன்றைக்குத்தான் கொடியேறியது. மறுநாள் திங்கள்.

முதல் இரண்டு நாள் ஏழு பேரும் வெளியே வரவில்லை. மூன்றாவது நாள் வந்தார்கள், வராமல் எப்படி, திருவிழா நடக்க வேண்டுமே. இரண்டு தோளிலும் இரண்டு துவர்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நாகர்கோவில் டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இது இருந்தால் என்ன, வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். சாயாக்கடையில் முதலில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள், பிறகு உட்கார்ந்து பார்த்தார்கள், நாலாவது நாள் பேச்சு பெரிய சைஸ் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்பதில் வந்து நின்றது. கமிட்டியில் வாத்தியார் மாதேவன் என்று ஒருத்தர், ஸ்கூட்டரில் பள்ளத்தில் இறங்கும்போது ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகப் பழகிவிட்டார். பஸ்ஸில் நின்றுகொண்டு போன முதலடியை யாரோ முழங்கையால் இடித்திருக்கிறான், ஒரு தடவை இல்லை, வேண்டுமென்றே மூன்று தடவை, "இடிக்கானுவ ஓய்" என்று அவர் கண் கலங்கி என் வீட்டுக்காரரிடம் சொன்னதை நான் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஆடாமல் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும் அல்லவா, ஆகவே ஒவ்வொருத்தராக எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தார்கள். என் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் தைத்தேன், உள்பாடி, வெள்ளைத் துணியில். மற்றவர்கள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "அளவு ஜாக்கெட் கொண்டு வந்தேளா?"

"அதுக்கு நான் எங்கம்மா போவேன்?"

"அப்போ கையைத் தூக்குங்க."

தைத்துக் கொடுத்த மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள், இறுக்குகிறது என்று. பிரித்து விட்டுக் கொடுத்தால் ஐந்தாம் நாள் தொளதொள என்கிறது என்றார்கள். திங்களன்று முப்பத்தாறு இருந்த என் வீட்டுக்காரருக்கு வியாழன் முப்பத்து நாலரை, சனி முப்பத்தேழு. அவருக்குத் தாங்கவில்லை. இருபத்தாறு வருஷம் அளவை வேதமாகப் படித்த மனுஷர் தன் நெஞ்சில் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "ஏட்டி, இது ஏன் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு?" என்று குழந்தை மாதிரிக் கேட்டார்.

"எப்போ நின்னிருக்கு? தூரத்துக்கு முந்தி கூடும், வந்தா குறையும். நம்ம மூத்தவன் வயித்துல இருக்கையில நாப்பதுக்குப் போச்சு, பாலை நிறுத்தினதும் பை மாதிரித் தொங்கிச்சு. உடம்பு வெச்சா கூடும், காய்ச்சல் வந்தா இறங்கும். இப்போ எனக்கு எல்லாம் நிக்கிற வயசு, இப்பவும் மாறிக்கிட்டுத்தான் கிடக்கு. நான் உங்க பக்கத்துலதானே படுத்தேன், நீங்க என்னத்தைப் பாத்தியோ?"

அவர் டேப்பை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். குளத்தில் இதே பேச்சுதான். ஆண்கள் படித்துறை ஒரு பக்கம், பெண்கள் படித்துறை எதிர்ப்பக்கம், இத்தனை காலம் நாங்கள் குசுகுசு என்று பேசியதை அந்த வாரம் அக்கரைக்குக் கேட்கிற மாதிரிப் பேசினோம். ஒருத்தி தனக்குப் பிள்ளை குடித்த பக்கம் மட்டும் பெரிசாகவே நின்றுவிட்டது என்றாள், ஒருத்தி கருத்தடை மாத்திரை சாப்பிட்ட வருஷம் ஜாக்கெட் எல்லாம் பிரித்தேன் என்றாள், இன்னொருத்தி எனக்கு ஒன்றுமே இல்லை, காரணமும் இல்லை, சும்மாவே ஏறி இறங்கும் என்றாள். அக்கரையில் ஏழு பேரும் தண்ணீருக்குள் கழுத்துவரை நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை இதை மண்டபத்தில் பேசியிருக்கலாம். பேசவில்லை. எங்களுக்கு ஒன்றும் முளைக்கவும் இல்லை, அது நியாயம்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

பால் வந்தது எட்டாம் திருநாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

பாக்கியத்தம்மாள் வீடு கோயில் மதிலை ஒட்டி இருக்கிறது. அம்மையைப் பிரிந்த நாளிலிருந்து ஆதிரா நாலு மணி ஆனால் அழ ஆரம்பிக்கும், தாய் வேலை முடித்துத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போகிற நேரம் அது. வாகனம் தூக்குகிறதைப் பற்றிப் பேசக் கமிட்டி மண்டபத்தில் கூடியிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளை ஒரு தடவை சிணுங்கியது, பிறகு மூச்சைப் பிடித்து, அம்மை என்று வீறிட்டது. பேசிக்கொண்டிருந்த முதலடி பாதியில் நிறுத்தினார். நெஞ்சில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு சுருக்கு, பிறகு ஒரு இழுப்பு, பிறகு வேட்டி மடியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில். லீலா ஆறு மாசத்துக்கு முந்தி வற்ற வைத்த பால் எங்கே போய்க் கிடந்ததோ, அங்கிருந்து வழி கேட்டுத் திரும்பி வந்துவிட்டது.

பால் கட்டினால் வலிக்கும் என்று கேள்விப்பட்டவர்களுக்குத் தெரியாது, கட்டியவர்களுக்குத் தெரியும். நெஞ்சு கல்லாகிப் போனது. காய்ச்சல் வந்தது. பால் வற்றுவதற்குப் பிச்சிப்பூவை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம், ஏழு வீட்டுக்கும் பந்து பந்தாகப் பிச்சிப்பூ போயிற்று, பூக்காரி சாமிக்கு இல்லை என்று கையை விரித்தாள். கட்டியும் கேட்கவில்லை. பிள்ளை அழுதால் சுரந்தது, அவ்வளவுதான். பாக்கியத்தம்மாள் மிட்டாய் கொடுத்தாள், கிலுக்கு வாங்கினாள், முதலடி வீட்டிலிருந்து மரக்குதிரை கொடுத்தனுப்பினார்கள். பிள்ளை மரக்குதிரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதது.

இந்த நிலையில் பத்தாம் திருநாள் வந்தது, பகவதியை வாகனத்தில் எழுந்தருளப் பண்ணிக் கமிட்டிக்காரர்கள் தோளில் தூக்கி நாலு தெருவும் வருகிற நாள். அன்று மட்டும் சட்டை போட்டுக்கொள்ளலாமா என்று முதலடி கோயில் போற்றியிடம் கேட்டார். போற்றி நல்ல மனுஷர், பூஜை முறையில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"ஆணுன்னா மேல துணி கூடாது. போர்டு நீருதான் வெச்சீரு."

"எங்களைப் பெண்ணுங்க கணக்குல சேத்துக்கிடும். மேல மூடிக்கிடுவோம்."

"பெண்ணுன்னா வாகனம் தொடக்கூடாது. அந்தப் போர்டும் நீருதான் வெச்சீரு."

வாகனம் தூக்குகிற கொம்புகளில் வலது முன்கொம்பு நாலு தலைமுறையாக முதலடி வீட்டுக்கு. அதை விட்டால் வேறு வீட்டுக்காரன் பிடித்துக்கொள்வான், பிறகு திரும்பி வராது. ஆகவே பத்தாம் நாள் காலை ஏழு பேரும் வெறும் மேலோடு, கழுத்தில் ஒரு மாலையை மட்டும் போட்டு மறைக்கப் பார்த்து, அதுவும் தோளில் கொம்பு ஏறியதும் விலகிப் போக, மேளம் முன்னே போக, ஊர் இரண்டு பக்கமும் நிற்க, வந்தார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. பெண்களாகிய நாங்கள் முறைப்படி கையெடுத்துக் கும்பிட்டோம், கும்பிட்டுக்கொண்டே நன்றாகப் பார்த்தோம், உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும், எங்களை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. முதலடி கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. மேலத்தெரு திரும்பும்போது பாக்கியத்தம்மாள் இடுப்பிலிருந்த ஆதிரா வெடிச்சத்தத்துக்குப் பயந்து வீறிட்டது. ஏழு பேருக்கும் பால் வழிந்து வேட்டி நனைந்தது. கொம்பைப் பிடித்த கையை எடுத்துத் துடைக்கவும் முடியாது. அப்படியே மீதி மூன்று தெருவும் சுற்றினார்கள்.

வாகனத்தை இறக்கி வைத்த கையோடு முதலடி பாக்கியத்தம்மாளிடம் போய், "பிள்ளையை அவ அம்மகிட்ட கொடுத்துரு தாயி, என்னால கேக்க முடியல்ல" என்றார்.

மறுநாள் ஜீப் வைத்து லீலாவை அழைக்கப் போனோம், முதலடி, என் வீட்டுக்காரர், நான். லீலா முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தருகிறோம் என்று முதலடி சொன்னதும் அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது, அது ஒன்றுதான் அவள் காட்டிய அவசரம். குனிந்து எடுத்து உதறிக் கொடியில் போட்டாள்.

"எங்க வெச்சுத் தருவீங்க?"

"நீ சொல்ல இடத்துல. இங்கயே கொண்டாந்து தாறோம்."

"வாங்கின இடத்துலயே தாங்க. அண்ணைக்கு யாரெல்லாம் நிண்ணாங்களோ எல்லாரும் நிக்கணும். நாகம்மக்கா, டேப்பை எடுத்துக்கிட்டு வாங்க."

வந்தாள். அதே மண்டபம், பகல் பதினொரு மணி வெயில், திருவிழாவுக்குப் போட்ட மைக் செட்டை இன்னும் அவிழ்க்கவில்லை, அதை ஆன் பண்ணச் சொன்னாள். ஏழு பேரும் வரிசையாக, முறைப்படி சட்டை இல்லாமல் நின்றார்கள். நான் டேப்பை நீட்டினேன். வாங்கும்போது லீலா என் முகத்தைப் பார்த்து, "அண்ணைக்கு நீங்க சரியாத்தான் அளந்தீங்கக்கா" என்றாள். அடித்திருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

முதலடியிலிருந்து ஆரம்பித்தாள். "கையைத் தூக்குங்க மாமா." தூக்கினார். சுற்றினாள். "முப்பத்தெட்டு" என்று மைக்கில் சொன்னாள். "போன வாரம் எவ்வளவு?"

"முப்பத்தாறரை."

"ஒண்ணரை இஞ்சு கூடியிருக்கு. ஆரு?"

 அறுபத்திரண்டு வயசு மனுஷர், பேரன் பேத்தி எடுத்தவர், இரண்டு கையும் மேலே இருக்க நின்றார்.

"பேரைச் சொல்லுங்க மாமா. சொன்னா லேசா முடிச்சிரலாம்."

"ஒருத்தரும் இல்லம்மா." மைக் அதை நாலு தெருவுக்கும் கொண்டுபோயிற்று. "தானா வந்தது."

"நம்பணுமா?"

"நம்பும்மா."

அடுத்த ஆள். அடுத்த ஆள். ஏழு பேரும் சொன்னார்கள், ஒருத்தரும் இல்லை, தானா வந்தது, தானா வந்தது. வாத்தியார் மாதேவன் விம்மி அழுதார். கடைசியில் நின்றவர் என் வீட்டுக்காரர், அவர் கேட்காமலே சொன்னார், "அளவு மாறும்மா. எனக்குத் தெரியாமப் போச்சு."  லீலா டேப்பைச் சுருட்டிக் கல்லில் வைத்தாள். பாக்கியத்தம்மாள் பிள்ளையைக் கொண்டுவந்தாள். ஆதிரா ஒரு நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பன்னிரண்டு நாள் கோபம், பிறகு அம்மையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டது. லீலா அப்போதுதான் அழுதாள்.

"கோபத்தை விட்டுரு மக்களே, இங்கயே இரு" என்றார் முதலடி.

"கோபம் இருக்கட்டும் மாமா. எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

அன்றிலிருந்து ஏழு பேருக்கும் பால் நின்றது. நின்ற பிறகு சுருங்க இரண்டு மாசம் ஆயிற்று, ஆடிக்குள் தட்டையாகிவிட்டார்கள், ஆனால் தோல் பழைய இறுக்கத்துக்கு வரவில்லை, யாருக்குத்தான் வந்திருக்கிறது. இப்போது எங்கள் ஊரில் ஒரு பெண் உடம்பைப் பற்றிச் சாயாக்கடையில் எவனாவது வாயெடுத்தால், கமிட்டிக்காரர்கள் அறியாமல் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார்கள்.

லீலா நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு வருஷம் கழித்து, ஆதிராவுக்கு ஒரு பாவாடை சட்டை தைத்து எடுத்துக்கொண்டு நான் அவள் வாடகை வீட்டைத் தேடிப் போனேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை, ஆகவே வாசலிலேயே நின்றேன். சிவதாணுவைப் பற்றிப் பேச்சு வந்தது. மஸ்கட்டில் அவனுக்கும் அதே திங்கட்கிழமை வளர்ந்திருக்கிறது, இது பாக்கியத்தம்மாள் சொல்லி எனக்குத் தெரியும். அவன் மண்டபத்தில் வந்து நிற்கவில்லை, ஆகவே அவனுக்கு வற்றவில்லை. ஐம்பது டிகிரி வெயிலில் இரண்டு பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு கட்டிடச் சாரத்தில் ஏறுகிறான்.

"அவரும் வந்து நிண்ணு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்லா, வற்றிரும். நீ அதைச் சொல்லலாமே பிள்ளே" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்லணும்?" என்றாள் லீலா.

அந்த நேரத்தில் படியில் விளையாடிக்கொண்டிருந்த ஆதிரா தடுக்கி விழுந்து, முழங்காலைப் பார்த்து, ஒரு துளி இரத்தத்தைக் கண்டதும் வாயைத் திறந்து அழுதது. லீலா தூக்கி இடுப்பில் வைத்து முடிக்கவில்லை, அதற்குள் போன் அடித்தது. மஸ்கட் நம்பர். எப்போது அழுதாலும் உடனே அடிக்கும் என்றாள். எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"லீலா, பிள்ளை ஏன் அழுதா?" என்றான் அவன். மூச்சு வாங்கியது, எங்கேயோ உயரத்திலிருந்து இறங்கி ஓடிவந்த குரல். "எனக்கு இங்க நனைஞ்சு போச்சு. விழுந்துட்டாளா? காய்ச்சலா? ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க? என்னான்னு மட்டும் சொல்லு லீலா, நான் வேற ஒண்ணும் கேக்கல்ல."

லீலா போனைப் பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். ஆதிரா அழுது தீர்க்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றாள், அந்தப் பக்கம் அவன் லீலா, லீலா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிள்ளை ஓய்ந்ததும் போனை அணைத்தாள்.

"சின்னக் காயம்தான்க்கா" என்றாள் என்னிடம். அவனிடம் அதைச் சொல்லவில்லை.